சிறு செயலிகள் வழியே ஜாங்கோ: வலைச்சட்டகம் கற்கும் முறை

முன்னுரை

இலக்கண ஆசிரியர் நூற்பாவை ஓதுவித்த அளவில் நின்றுவிடுவதில்லை. அதன் கருத்தை உரைத்து, பதப்பொருளை விரித்து, எடுத்துக்காட்டைக் காட்டி, வினா எழுப்பி, விடையும் தந்த பின்னரே அடுத்த நூற்பாவுக்குச் செல்கிறார். காண்டிகையுரைக்கு நன்னூல் வகுத்துள்ள உறுப்புகள் இவையே. நூற்பா சுருக்கமானது, அதனை மாணவர் உள்ளத்தில் நிலைநிறுத்துவது எடுத்துக்காட்டே.

கணித உலகிலும் இம்முறை சிறந்து விளங்கியது. 9ஆம் நூற்றாண்டில், கலீஃபா மாமூனின் காலத்தில், பக்தாத் நகரின் பைத்துல் ஹிக்மாவோடு தொடர்பு கொண்டிருந்த அறிஞர் அல்குவாரிஸ்மீ, தம் அல்ஜப்ர் நூலில் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பகுத்து, சிறு கணக்குகளால் அவற்றை விளக்கினார். ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 39 ஆனால் அம்மூலம் யாது என்பது அவற்றுள் ஒன்று, விடை 3. அந்நூலின் பிற்பகுதியோ வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளால் நிறைந்துள்ளது. அல்காரிதம் என்னும் சொல்லே அவ்வறிஞர் பெயரின் இலத்தீன் வடிவிலிருந்து பிறந்ததாகும். சிறு கணக்கால் விதியை விளக்குதல், அவ்விதியைக் கொண்டு மக்களின் உரிமையைக் காத்தல் ஆகிய இரண்டையும் அந்நூலில் ஒருங்கே காண்கிறோம்.

பைத்தான் மொழியில் அமைந்த வலைச்சட்டகமாகிய ஜாங்கோவைக் கற்க விழையும் மாணவர்க்கும் இவ்விரு நெறிகளும் பொருந்தும். நான்கு சிறு செயலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து அதனைக் கற்கும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அளவிற் சிறிய செயலி உண்டு. பொறுப்பிற் சிறிய செயலி என ஒன்றில்லை என்பதே நம் துணிபு.

பைத்தானும் ஜாங்கோவும்

பைத்தான் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த குய்டோ வான் ரோஸம் ஆவார். ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித, கணிப்பொறியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1991இல் அம்மொழியை முதன்முதலாக வெளியிட்டார். பெயர் மலைப்பாம்பைக் குறித்ததன்று. மான்ட்டி பைத்தான் என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுக்கப்பட்டது. படிக்க எளிய நடையே அம்மொழியின் சிறப்பு.

ஜாங்கோ தோன்றிய இடம் ஒரு செய்தித்தாள் அலுவலகம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள லாரன்ஸ் நகரில் வெளிவந்த லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் இதழின் வலைப்பிரிவில் பணியாற்றிய ஏட்ரியன் ஹொலவாட்டி, சைமன் வில்லிசன் ஆகிய இருவரும் 2003இல் இப்பணியைத் தொடங்கினர். செய்தி அலுவலகத்தில் காலையில் கேட்ட பக்கம் மாலைக்குள் வெளிவந்தாக வேண்டும். ஆகவே, ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்யவேண்டிய வேலைகளைத் தொகுத்து ஒரு சட்டகமாக அமைத்தனர். 2005 ஜூலையில் அது யாவரும் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமத்தோடு வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிதார்க் கலைஞரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

மாணவர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். பைத்தான் 2 என்னும் பழைய வரிசைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளுடன் முடிவுற்றது. எனவே, பழைய பாடநூல்களில் உள்ள நிரல்கள் பல இன்று அப்படியே இயங்கா. நூலைத் திறந்தவுடன் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என நோக்குவது நலம்.

சட்டகம் எனப்படுவது யாது?

நிரலகம் வேறு, சட்டகம் வேறு. நிரலகத்தை நாம் வேண்டும்போது அழைக்கிறோம். சட்டகமோ தனக்கு வேண்டும்போது நாம் எழுதிய நிரலை அழைக்கிறது. ஒழுங்கு சட்டகத்தினுடையது, உள்ளடக்கம் நம்முடையது. இவ்வேறுபாட்டை உணராமையே தொடக்கநிலை மாணவர் பலர் மயங்குவதற்குக் காரணமாகும்.

ஒரு நூலகத்தின் நடைமுறையை உவமையாகக் கொள்வோம். வாசகர் தமக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதித் தருகிறார். முகப்பில் உள்ளவர் சீட்டைப் பார்த்து உரிய பணியாளரிடம் அனுப்புகிறார். பணியாளர் அடுக்கிலிருந்து நூலை எடுக்கிறார். பின் உரிய வடிவில் வாசகரிடம் சேர்க்கிறார். ஜாங்கோவிலும் இவ்வாறே. உலாவி அனுப்பும் வேண்டுகோள் சீட்டு; முகவரிப் பட்டியல் முகப்பு; காட்சி எனப்படும் செயற்கூறு பணியாளர்; மாதிரியும் அதன் பின்னுள்ள தரவுத்தளமும் அடுக்கு; வார்ப்புரு இறுதி வடிவம். இவ்வைந்தையும் ஒரே நாளில் கற்க முயல்வது வீண். ஒவ்வொரு செயலிக்கும் ஒன்றிரண்டாகக் கற்பதே முறை.

முதற் செயலி: வாழ்த்துப் பக்கம்

கணிப்பொறியில் பைத்தானை நிறுவி, இப்பாடத்திற்கெனத் தனியே ஒரு மெய்நிகர் சூழலை அமைத்து, பிப் என்னும் கருவியால் ஜாங்கோவை நிறுவிக் கொள்கிறோம். பின் ஒரு திட்டத்தையும், அதனுள் ஒரு செயலியையும் உருவாக்குகிறோம். திட்டம் என்பது முழு வலைத்தளம். செயலி என்பது அதனுள் ஒரு பணியைச் செய்யும் பகுதி. ஒரு திட்டத்தில் பல செயலிகள் இருக்கலாம்; ஒரு செயலி பல திட்டங்களில் பயன்படலாம்.

செய்யவேண்டியவை இரண்டே. வாழ்த்துச் சொல் ஒன்றை விடையாகத் தரும் காட்சியை எழுதுதல். அதற்குரிய முகவரியைப் பட்டியலில் சேர்த்தல். பின் பயிற்சிச் சேவையகத்தை இயக்கி, உலாவியில் நம் கணிப்பொறியின் 8000ஆம் வாயிலைத் திறந்தால் வாழ்த்துத் தோன்றும். அடுத்து, முகவரியிலேயே ஒரு பெயரை எழுதினால் அப்பெயருக்கு வாழ்த்துக் கூறுமாறு காட்சியை மாற்றுகிறோம். முகவரியின் ஒரு பகுதி நிரலுக்குள் செய்தியாகச் செல்கிறது என்னும் அரிய உண்மை இதனால் விளங்கும்.

இனி, வேண்டுமென்றே பட்டியலில் இல்லாத முகவரி ஒன்றை எழுதிப் பார்த்தல் வேண்டும். 404 என்னும் எண்ணோடு பிழைப்பக்கம் தோன்றும். எந்தெந்த முகவரிகளை ஒப்பிட்டுப் பார்த்தது என்பதையும் ஜாங்கோ அதில் வரிசையாகக் காட்டும். பிழைச்செய்தி மாணவரை அச்சுறுத்த எழுந்ததன்று. அதுவும் ஓர் உரையாசிரியரே. பிழைவிவரத்தின் இறுதி வரியை முதலிற் படிக்கும் பழக்கம் இச்செயலியிலேயே அமைந்துவிடுமாயின், பிற்காலத்தில் பல மணி நேரம் மிஞ்சும்.

இரண்டாம் செயலி: எழுத்தெண்ணி

பயனர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்கிறார். அதில் எத்தனை எழுத்துகள் உள்ளன எனச் செயலி விடை கூறுகிறது. படிவம், வார்ப்புரு ஆகிய இரண்டையும் இது கற்பிக்கும்.

தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் வினவினால் 5 என்னும். நாமோ த, மி, ழ் என மூன்றாக எண்ணுகிறோம். ‘அமானிதம்’ என்னும் சொல் நமக்கு ஐந்தெழுத்து, பைத்தானுக்கு 8. பைத்தான் பொய் கூறவில்லை. யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் துணைக்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியெண்களாக வைக்கப்பட்டுள்ளன. பைத்தான் அக்குறியெண்களை எண்ணுகிறது. நாம் எழுத்துகளை எண்ணுகிறோம். வினா வேறாதலின் விடையும் வேறாயிற்று.

ஒவ்வொரு குறியெண்ணுக்கும் யூனிகோடு வகுத்துள்ள பிரிவை அறியும் வசதி பைத்தானிலேயே உண்டு. அதனைக் கொண்டு துணைக்குறிகளையும் புள்ளியையும் விலக்கி எண்ணினால் ‘தமிழ்’ மூன்றாகும், ‘அமானிதம்’ ஐந்தாகும். ஆயினும் ‘ஃபாத்திமா’ என்னும் பெயரை இட்டுப் பார்ப்போம். செயலி ஆய்தத்தைத் தனியே எண்ணி 5 என்னும். இலக்கணப்படி ஆய்தம் தனியெழுத்தே. ஆனால் இங்கே அது பகரத்தோடு சேர்ந்து ஓர் அயலொலியைக் குறிக்கவன்றோ வந்தது? ‘க்ஷ’ ஒன்றா, இரண்டா? இவ்வினாக்களுக்கு விடை கூற வேண்டியவர் கணிப்பொறி ஆசிரியரல்லர், தமிழாசிரியரே. நிரலெழுதுவோர் மொழியறிஞரை நாடவேண்டிய இடம் இதுவாகும்.

இச்செயலி கற்பிக்கும் மற்றொரு பாடம் பாதுகாப்பு. பயனர் சொல்லுக்குப் பதிலாக நிரற்கட்டளை ஒன்றை எழுதினால் என்னாகும்? ஜாங்கோவின் வார்ப்புரு அதனை இயங்கவிடாது, வெறும் எழுத்தாகவே காட்டும். கோணக்குறிகளைத் தானே மாற்றிவிடும். இக்காவலை நீக்கும் வசதியும் உண்டு. காரணம் தெரியாமல் அதனை நீக்குவது, வாயிற் கதவைத் திறந்து வைத்து உறங்குவதை ஒக்கும்.

மூன்றாம் செயலி: நூற்பட்டியல்

முன்னிரு செயலிகளும் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மூன்றாவதில் தரவுத்தளம் வருகிறது. நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் கொண்ட ஒரு பட்டியலை அமைப்போம்.

ஆசிரியர் பெயரை ஒவ்வொரு நூலிலும் திரும்ப எழுதினால், ஓரிடத்தில் ‘உமறுப்புலவர்’ என்றும் மற்றோரிடத்தில் ‘உமறுப் புலவர்’ என்றும் அமைந்துவிடும். மனிதர்க்கு இருவரும் ஒருவரே. கணிப்பொறிக்கு வேறு வேறானவர். எனவே ஆசிரியருக்கு ஒரு மாதிரியும், நூலுக்கு ஒரு மாதிரியும் வகுத்து, ஒவ்வொரு நூலையும் உரிய ஆசிரியரோடு இணைக்கிறோம். மாதிரியைப் பைத்தானில் எழுதினால் போதும். அதற்கேற்ற அட்டவணைகளை உருவாக்கும் இடம்பெயர்வுக் கோப்பை ஜாங்கோவே எழுதித் தருகிறது. தொடக்கத்தில் எஸ்க்யூலைட் என்னும் எளிய தரவுத்தளமே போதுமானது.

மாதிரிகளைப் பதிவு செய்தவுடன், நூல்களைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் உரிய நிர்வாகப் பக்கம் கிடைத்துவிடுகிறது. செய்தி அலுவலகத்தில் பிறந்த சட்டகம் என்பது இங்கே புலனாகும். நிரலறியாத செய்தியாளரும் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இணைப்பை எழுதும்போது ஜாங்கோ ஒரு வினாவுக்கு விடை கேட்கிறது: ஆசிரியரின் பதிவு நீக்கப்பட்டால் அவருடைய நூல்களை என் செய்வது? பாடநூல்களில் பெரும்பாலும் ‘அவற்றையும் நீக்குக’ என்னும் விடையே இருக்கும். மாணவர் அதனை அப்படியே படியெடுத்தால், உமறுப்புலவர் என்னும் ஒரு பதிவை நீக்கிய மாத்திரத்தில் சீறாப்புராணமும் பட்டியலிலிருந்து மறையும். ‘நூல்கள் உள்ளவரை ஆசிரியரை நீக்க இடந்தராதே’ என்னும் விடையும் உண்டு. இரண்டுக்கும் நிரலில் ஒரு சொல்லே வேறுபாடு. பயனிலோ ஒரு நூலகத்தின் உழைப்பே வேறுபாடு.

நான்காம் செயலி: வாக்கெடுப்பு

ஜாங்கோவின் அதிகாரமுறைப் பயிற்சிப் பாடம் ஒரு வாக்கெடுப்புச் செயலியையே எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளது. ஒரு வினா, அதற்குச் சில விடைகள், ஒவ்வொரு விடைக்கும் வாக்கெண்ணிக்கை என்பதே அதன் அமைப்பு. காண எளிது, உள்ளே ஆழமானது.

முதலாவது, வாக்களித்தல் தரவை மாற்றும் செயலாகும். பக்கத்தைக் கேட்டுப் பெறும் முறையால் அதனைச் செய்தல் கூடாது. தரவை இடுகை செய்யும் முறையாலேயே செய்தல் வேண்டும். வேறொரு தளம், பயனர் அறியாமலே அவர் பெயரால் வாக்கை அனுப்பிவிடாதிருக்க, படிவத்தோடு மறைவான அடையாளக்குறி ஒன்றையும் ஜாங்கோ கேட்கிறது. வாக்குப் பதிந்ததும் பயனரை முடிவுப் பக்கத்திற்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையேல், பக்கத்தைப் புதுப்பித்தவுடன் அதே வாக்கு மீண்டும் பதியக்கூடும்.

இரண்டாவது, இருவர் ஒரே நேரத்தில் வாக்களிக்கும் நிலை. எண்ணிக்கை 120 எனக் கொள்வோம். முதலாமவருக்காகச் செயலி 120ஐப் படிக்கிறது. அதனை எழுதுமுன் இரண்டாமவருக்காகவும் 120ஐயே படிக்கிறது. இருவருக்கும் ஒன்றைக் கூட்டி 121 என எழுதுகிறது. இருக்கவேண்டியதோ 122. ஒரு வாக்கு எவ்வித ஓசையுமின்றி மறைந்துவிட்டது! பிழைச்செய்தி இல்லை, பக்கமும் நன்றாகவே தோன்றும். வாக்களித்தவருக்கும் தெரியாது, வென்றவருக்கும் தெரியாது, தோற்றவருக்கும் தெரியாது. இதனைப் போட்டிநிலைப் பிழை என்பர். படித்துக் கூட்டி எழுதுவதை நிரல் செய்யாமல், ‘இருப்பதோடு ஒன்றைக் கூட்டுக’ எனத் தரவுத்தளத்திடமே ஆணையாகக் கொடுத்துவிடுவது இதற்குத் தீர்வு. அதற்கு உரிய கூற்று ஜாங்கோவில் உண்டு.

மூன்றாவது, அப்பாடத்தின் செயலி வாக்களிப்பவர் யார் எனக் கேட்பதில்லை. ஒருவரே பன்முறை வாக்களிக்கலாம். பயிற்சிக்கு அது போதும். ஒரு தமிழ் மன்றத்தின் கருத்துக்கணிப்புக்குப் போதாது. ஆகவே பயனர் நுழைவை வைத்து, ஒரு வினாவுக்கு ஒருவர் ஒருமுறைக்கு மேல் பதியாதவாறு தரவுத்தளத்திலேயே தடை அமைக்கிறோம். உடனே மற்றொரு வினா எழுகிறது: இன்னார் இன்னாருக்கு வாக்களித்தார் என்பதும் பதிந்துவிடுமோ? வாக்களித்தோர் பட்டியல் ஓர் அட்டவணையிலும், விடைகளின் எண்ணிக்கை வேறோர் அட்டவணையிலும் இருத்தல் வேண்டும். இரண்டையும் இணைக்கும் குறிப்பு எதுவும் இருத்தல் கூடாது. இரு பதிவுகளும் ஒரே பரிமாற்றமாக நிகழ்தல் வேண்டும். ஒன்று தவறினால் மற்றதும் நிகழாதொழியும். பொதுத் தேர்தலுக்கு இத்துணைக் காவல் போதாது என்பதும் மாணவர் அறியத்தக்கது.

நூறு வரிகள்கூட நிரம்பாத செயலி இது. ஆயினும் ஒருவரின் வாக்கும் அவ்வாக்கின் மறைவும் நம் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. ஒப்படைக்கப்பட்ட பொருளை உரியவரிடம் குறைவின்றிச் சேர்ப்பதை நம் மார்க்கம் அமானிதம் என்று வலியுறுத்துகிறது. பொன்னும் பணமும் மட்டுமன்று. பெயரும் கடவுச்சொல்லும் வாக்கும் இன்று அமானிதமே.

சோதனை என்னும் சாட்சி

செயலி சரியாக இயங்குகிறது என நாம் கூறுவது உரிமைகோரல். சோதனை நிரலே அதற்குச் சாட்சி. மேற்கூறிய பயிற்சிப் பாடத்திலேயே ஒரு பிழை வேண்டுமென்று விடப்பட்டுள்ளது. வினா அண்மையில் வெளியானதா எனக் கூறும் செயற்கூறு, இனி வரப்போகும் நாளிட்ட வினாவையும் அண்மையது என்று கூறிவிடும். 30 நாள் கழித்து வெளியாகவேண்டிய வினா ஒன்றை உருவாக்கி, ‘இல்லை’ என்னும் விடை வருகிறதா எனச் சோதனை நிரல் கேட்கிறது. முதலில் சோதனை தோற்கும். திருத்திய பின் வெல்லும். சோதனைக்கெனத் தனித் தரவுத்தளத்தை உருவாக்கி, முடிந்ததும் ஜாங்கோ அதனை அழித்துவிடுவதால் உண்மைத் தரவுக்கு ஊறு நேராது.

பயிலும் முறை

ஒவ்வொரு செயலியையும் முடித்தபின் கீழ்க்காணும் நான்கையும் செய்யுமாறு பரிந்துரைக்கிறோம்.

1. செயலியை முற்றிலும் நீக்கிவிட்டு, நூலைப் பாராமல் மீண்டும் எழுதுக. தடைப்படும் இடமே கல்லாத இடம்.

2. ஒரே ஒரு பண்பை மட்டும் மாற்றிப் பார்க்க. நூற்பட்டியலில் பதிப்பாண்டைச் சேர்ப்பது போன்ற சிறு மாற்றம் போதும்.

3. வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்து, பிழைச்செய்தியைப் படித்து, காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுக.

4. நிரலறியாத நண்பர் ஒருவர்க்கு அச்செயலி இயங்கும் வகையை எடுத்துரைக்க.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வாக்கெடுப்புச் செயலி முழுவதையும் நொடிப்பொழுதில் எழுதித் தந்துவிடுகின்றன. அவற்றை விலக்க வேண்டுவதில்லை. ஆனால் வாக்கு மறையும் இடம் அந்நிரலில் எது எனச் சுட்டிக்காட்ட இயலாதவர், அதனைத் தம் நிரல் என உரிமை கொண்டாட இயலாது. பெரிய செயலியைப் படியெடுத்தவர் அதன் உடைமையாளர் மட்டுமே; சிறிய செயலியைத் தாமே கட்டியவர் அதற்குப் பொறுப்பாளர்.

பிறர் பயன்பாட்டிற்கு வெளியிடுமுன் பிழைகாட்டும் நிலையை அணைத்தல், மறைவுத் திறவியை நிரலோடு சேர்த்து வெளியிடாதிருத்தல், எந்த முகவரியில் இயங்கலாம் என வரையறுத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. முதற் செயலியில் நமக்கு உரையாசிரியராய் நின்ற பிழைப்பக்கம், பொதுவெளியில் தீயோர்க்கு ஒற்றனாகிவிடும்.

முடிவுரை

வாழ்த்துப் பக்கம் வேண்டுகோளின் வழியைக் காட்டியது. எழுத்தெண்ணி, வினாவைத் தெளிவாக்கிய பின்னரே விடையை நாட வேண்டும் என்றது. நூற்பட்டியல், ஒரு சொல்லின் விளைவை நீக்குமுன் எண்ணிப் பார்க்கச் சொன்னது. வாக்கெடுப்பு, காணாமற்போகும் ஒன்றையும் கணக்கிற் கொள்ளுமாறு பணித்தது. இந்நான்கையும் செம்மையாகக் கட்டிய மாணவர் நாளை மருத்துவமனைக்கோ, வங்கிக்கோ, ஜமாஅத்தின் கணக்கிற்கோ நிரலெழுத அமரும்போது, அங்கும் இதே நான்கு வினாக்களையே எழுப்புவர். 120க்கும் 122க்கும் இடையில் மறைந்த ஒரு வாக்கைத் தேடிப் பிடிக்கும் கண்ணே கல்வியின் பயன். அத்தகைய கண்ணை நம் மாணவச் செல்வங்களுக்கு வல்ல இறைவன் அருள்வானாக!